அம்மா பார்த்த வீடு

அரசாங்க உத்தியோகத்தன் ஒருவனுக்கு இடமாற்றக் கடிதம் வருவது புதுமையன்று. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பும்போது, அதை முதலில் யாரிடம் சொல்வது என்பதுதான் அவனுடைய கவலை. நான் மனைவியிடம் சொன்னேன். மனைவி பிள்ளைகளிடம் சொன்னாள். பிள்ளைகள் துள்ளிக்கொண்டு ஓடிப்போய் அப்பம்மாவிடம் சொன்னார்கள். அம்மா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இது எத்தனையாவது தரம்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை கூறுவது இலேசான காரியமன்று. எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளை. 2008 ஆம் ஆண்டின் இறுதியில் அங்கிருந்து புறப்பட்டோம். புதுக்குடியிருப்பு, பின்னர் கடற்கரை என்று ஒதுங்கி ஒதுங்கிச் சென்று, 2009 மே மாதத்தில் வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளம் பக்கத்திலிருந்த மெனிக் பாம் முகாமை அடைந்தோம். அந்த வழியிலே அப்பாவை இழந்தோம். அதைப் பற்றி இங்கே விரிக்க நான் விரும்பவில்லை. முகாமின் வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று நம்முடைய பெரியார்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். கூடாரங்களுக்கு இலக்கங்கள் இருந்தன. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அங்கே தங்கவைக்கப்பட்டார்கள். 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்படுவதற்கு முன்பே நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். கூரையில்லாத வீட்டுக்குக் கூரை போட்டோம், பிள்ளைகள் பிறந்தார்கள். 2022 ஜனவரியில்தான் வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது.

இத்தனை இடங்களிலும் நாங்கள் இருந்தோமேயொழிய, அவற்றில் ஒன்றையேனும் நாங்களாகத் தெரிந்தெடுத்ததில்லை. வவுனியாவில்தான் முதன்முறையாக, 'எங்கே குடியிருக்கலாம்?' என்று நிதானமாக யோசிக்கும் பாக்கியம் கிடைத்தது. கிடைத்த பாக்கியத்தை நான் அரை நாளில் தொலைத்தேன்.

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை தனியாக மோட்டார் சைக்கிளில் சென்று ஐந்து வீடுகளைப் பார்த்தேன். கந்தோர் நண்பர்கள் சொல்லிக் கொடுத்த விஷயங்களையெல்லாம் மறவாமல் விசாரித்தேன். நிலத்துக்கு மாபிள் பதித்திருக்கிறதா, குளியலறை வீட்டோடு சேர்ந்திருக்கிறதா, வாகனம் விட இடமுண்டா, வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு? மன்னார் வீதியில் நகரத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர் தூரத்தில் ஒரு வீடு வாய்த்தது. புத்தம் புதிய வீடு. சுற்றிவர ஆறடி மதில். இரும்புப் படலை. வாடகை பன்னீராயிரம் ரூபா. அன்றைக்கே கையொப்பமிட்டேன். ஊருக்குத் திரும்பி வந்து, மாளிகை பிடித்துவிட்டேன் என்று மனைவியிடம் பெருமையும் பேசினேன்.

மாளிகைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. படலைக்கு வெளியேதான் குறையெல்லாம் இருந்தது. படலையைத் திறந்தால் பெருவீதி. பஸ்ஸும் லொறியும் சீறிப் பாயும் அந்த வீதியில் நடைபாதை கிடையாது. தாருக்கும் புல்லுக்கும் இடையில் ஒரு முழ அகலத்தில் கிரவல் மண் கிடந்தது. அதில் ஏழு வயதுப் பையனைக் கைபிடித்து நடத்திச் செல்ல மனைவிக்கு நெஞ்சு துணியவில்லை. கடைக்கும் மோட்டார் சைக்கிள், பாடசாலைக்கும் மோட்டார் சைக்கிள், மகளின் ரியூசனுக்கும் மோட்டார் சைக்கிள், கோயிலுக்கும் மோட்டார் சைக்கிள். அம்மாவோ முழங்கால் வருத்தக்காரி. மோட்டார் சைக்கிளில் ஏறமாட்டார். பின்னேரங்களில் படலையருகே ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்து, கம்பிகளின் இடைவெளியால் வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இடப்புறத்து வீட்டுக்காரர் கொழும்பில். வலப்புறம் வெறும் வளவு. நாங்கள் அங்கேயிருந்த எட்டு மாதங்களில் யாராவது ஒருவர் 'எப்படி அம்மா சுகம்?' என்று அவரை விசாரித்ததாக எனக்கு நினைவில்லை.

இந்த வண்டி ஓடும் வரைக்கும் ஓடியிருக்கும். அந்த ஆண்டு நாடு முழுவதும் பெற்றோலுக்குத் தவம் கிடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவுக்கு விற்ற பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. அந்த விலை கொடுத்தாலும் கிடைக்கவில்லை. இரண்டு இரவுகள் வரிசையில் மோட்டார் சைக்கிளின்மேல் சாய்ந்து உறங்கினேன். பாடசாலைகள் சில வாரங்கள் பூட்டிக் கிடந்தன. பின்னர் அனுமதி அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்றார்கள். எங்கள் ஓட்டத்துக்கு அது மட்டுமட்டாகக் காணும். அதற்குமேல் ஒரு துளி மிஞ்சாது. ஒரு காலத்தில் முள்ளியவளையிலிருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும் நடந்த குடும்பம், இப்போது ஒரு இறாத்தல் பாணுக்கு எப்படிப் போவது என்று தெரியாமல் முற்றத்தில் நின்றது.

அந்த நாட்களிலொன்றில்தான் அம்மா அதைச் சொன்னார். கோபத்தோடு சொல்லவில்லை. கடலை உடைத்துக்கொண்டே, ஏதோ பழைய கதை சொல்வதுபோலச் சொன்னார்.

"மெனிக் பாமிலையும் கம்பிக்குள்ளைதான் இருந்தம் தம்பி. அங்கையெண்டாலும் பக்கத்துக் கூடாரத்திலை கதைக்க ஒரு மனிசி இருந்தவ."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் வீட்டுக்காரருக்கு, ஒரு மாதத்தில் வெளியேறுவதாக அறிவித்தேன்.

இரண்டாம் முறை வீடு தேடும் பொறுப்பை அம்மாவிடம் ஒப்படைத்தோம். ஒப்படைத்தோம் என்று சொல்வது சரியன்று, அம்மா எடுத்துக்கொண்டார். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: பார்க்கப்போகும் வீட்டின் படலையிலிருந்து அவரை நடக்கவிட வேண்டும். கடைவரைக்கும், கோயில்வரைக்கும், பேரப்பிள்ளைகளின் பாடசாலைவரைக்கும் அவரால் நடந்து போய்வர முடிந்தால் மட்டுமே உள்ளே வந்து பார்ப்பார். "உள்ளுக்கை நான் படுக்கத்தான் போறன். படுக்கிறதுக்கு எந்த வீடும் வீடுதான்," என்பது அவருடைய வாதம். முச்சக்கரவண்டி ஒன்றைப் பேசிக்கொண்டு, ஆவணி புரட்டாதி மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகளில் புறப்பட்டோம்.

வவுனியாவின் குடியிருப்புகளை அப்போதுதான் நான் மெய்யாகவே பார்த்தேன். கண்டி வீதி, மன்னார் வீதி, ஹொறவப்பொத்தானை வீதி என்னும் பெருவீதிகளை மட்டுமே அறிந்தவனுக்கு இந்நகரம் ஒரு சந்தி, அவ்வளவுதான். பெருவீதியை விட்டு உள்ளே இறங்கினால் அது ஒரு குளத்தூர். பெயர்களைப் பாருங்கள்: வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், தாண்டிக்குளம், இறம்பைக்குளம், கோவில்குளம், திருநாவற்குளம், உக்குளாங்குளம், நெளுக்குளம், வேப்பங்குளம். புளியும் நாவலும் வேம்பும் நின்ற குளக்கரைகளிலே நம்முடைய முன்னோர் ஊர் அமைத்தார்கள். குளத்துக்குக் கட்டு, கட்டுக்குக் கீழே வயல், வயலோரத்தில் வீடுகள், கட்டின்மேல் ஒரு கோயில். எல்லாம் ஒரு கூப்பிடு தூரம். பின்னர் 1990 இலும் 1995 இலும் 2009 இலும் அலையலையாக வந்து சேர்ந்த மக்கள் அந்தக் குளங்களுக்கிடையே கிடைத்த கிடைத்த இடங்களை நிரப்பினார்கள். அவர்களும் எங்களைப் போலவே; தெரிந்தெடுத்து வந்தவர்களல்லர்.

முதலில் பார்த்த வீட்டை அம்மா ஐந்து நிமிடத்தில் நிராகரித்தார். பாடசாலை கிட்டத்தான், ஆனால் இடையில் புகையிரதப் பாதை, காவலாள் இல்லாத கடவை. இன்னொன்று நல்ல ஒழுங்கைக்குள் இருந்தது. ஆயினும் ஒழுங்கையின் இருபுறமும் உயர்ந்த மதில்கள், ஒரு மனித முகமும் தென்படவில்லை. எங்கள் ஊரில் கிடுகு வேலியிலும் கதியால் வேலியிலும் பொட்டு வைத்திருப்போம். கறி கொடுக்க, நெருப்பு வாங்க, அவசரத்துக்கு ஓடிவர அந்தப் பொட்டுத்தான் வழி. மதிலில் பொட்டு வைக்க முடியாது. மதில் கட்டுவோரை நான் குறை சொல்லவில்லை. கள்வர் பயமும் கட்டாக்காலி மாடும் அவரவர்க்கே தெரியும். ஆனால் வாடகைக்கு வருகிறவன் மதிலின் உயரத்தையும் வாடகையோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றிற்று.

மூன்றாவதாக ஒரு வீடு கண்டோம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பசுமையான திறந்த வெளிக்கு எதிரே, காற்றோட்டமான வீடு. வாடகையோ அடிமாட்டு விலை. பிள்ளைகள் உடனே புல்லில் இறங்கிப் பந்து விளையாடத் தொடங்கிவிட்டார்கள். கடையும் அருகில், கோயிலும் அருகில். 'இதுதான்' என்று நான் தீர்மானித்துவிட்டேன். அம்மா மட்டும் அந்தப் பசும்புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். புரட்டாதி வெயிலில் வன்னி முழுவதும் காய்ந்து கிடக்கும்போது இங்கே மட்டும் புல் ஏன் பச்சையாக இருக்கிறது என்பது அவருடைய சந்தேகம். பின்பு வீட்டின் வெளிச்சுவரைக் காட்டினார். நிலத்திலிருந்து இரண்டு முழ உயரத்தில் ஒரு மங்கலான கோடு, வீட்டைச் சுற்றி ஒரே மட்டமாக ஓடிற்று. அவ்வழியே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த முதியவர் ஒருவரை மறித்து, "ஐயா, மாரியிலை இந்தப் பக்கம் எப்பிடி?" என்று கேட்டார்.

முதியவர் சிரித்தார். "இது குளத்தின்ரை அலைகரை தங்கச்சி. குளம் வருசத்துக்கு ஒருக்கால் தன்ரை காணியைப் பாத்திட்டுப் போக வரும்."

நகரத்திலே பிறந்து வளர்ந்த வாசகர்களுக்காக இதைச் சற்று விளக்குவது நலம். நம்முடைய குளங்கள் தோண்டப்பட்ட கிணறுகள் அல்ல. சரிவான நிலத்தின் குறுக்கே மண்கட்டு எழுப்பித் தேக்கப்பட்டவை. கட்டின் ஒரு புறத்தில் துருசு. வயலுக்கு நீர் விடுவது அதன் வேலை. மறுபுறத்தில் வான், மிஞ்சிய நீர் அதனால் பாயும். கட்டுக்கு எதிர்ப்புறம் நிலம் மெல்ல மெல்ல மேடாகிச் செல்லும். குளம் நிரம்ப நிரம்ப நீர் அந்த மேட்டை நோக்கி ஏறும். அதுவே அலைகரை. வன்னிக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரைக்குமான வடகீழ்ப் பருவத்தில்தான். மீதி மாதங்களில் அலைகரை வெறும் புல்வெளி. அதைத் துண்டு துண்டாக அடைத்து வீடு கட்டுகிறவர்களுக்கும், கோடையில் வந்து பார்த்து முற்பணம் கொடுக்கிறவர்களுக்கும் குளம் கண்ணில் படுவதில்லை. 2018 டிசெம்பரில் இரணைமடு வான் பாய்ந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்ததை நான் கண்ணால் கண்டவன். கண்டும் புல்லைப் பார்த்து மயங்கினேன்.

நேர்மாறாக, கட்டுக்குக் கீழ்ப்புறத்து வீடுகளுக்கு ஒரு நன்மை உண்டு. குளத்து நீர் நிலத்தினூடே ஊறி வருவதால் அங்குள்ள கிணறுகள் இலகுவில் வற்றுவதில்லை. கிணற்றைப் பார்ப்பதற்கு ஆவணி, புரட்டாதியே தக்க காலம் என்று அம்மா சொன்னார். மார்கழியில் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். நீரின் தன்மையையும் விசாரிக்க வேண்டும். வவுனியா மாவட்டத்தின் சில கிராமங்களில் சிறுநீரக நோய் பலரை வாட்டுவதால், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் கிணற்று நீரைக் குடிக்க இப்போது பலரும் தயங்குகிறார்கள். இந்த விஷயத்தில் ஊகத்தை விடச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிவது நன்று.

பின்னொரு நாள் நூலகத்தில் நகர அமைப்பைப் பற்றிய புத்தகமொன்றைப் புரட்டியபோது ஒரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்திற்று. நியூயோர்க் நகரத்துக்கும் அதன் சுற்றுப்புறங்களுக்குமாகத் தயாரிக்கப்பட்ட திட்டமொன்றில், 1929 ஆம் ஆண்டில், கிளாரன்ஸ் பெரி என்பவர் ஒரு குடியிருப்பு எப்படியிருக்க வேண்டுமென்று வரையறுத்தார். நடுவிலே ஆரம்பப் பாடசாலை. பெருவீதிகள் குடியிருப்பின் எல்லையாக ஓட வேண்டுமேயன்றி அதை ஊடறுக்கக் கூடாது. கடைகள் எல்லையோரச் சந்திகளில். பிள்ளை பெருவீதியைக் கடக்காமலே பாடசாலைக்கு நடந்து செல்ல வேண்டும். மோட்டார் வாகனங்கள் பெருகிப் பிள்ளைகள் வீதிகளில் அடிபட்டு மாண்ட காலம் அது. புத்தகத்திலிருந்த படத்தை வெகுநேரம் பார்த்தேன். பாடசாலை இருந்த இடத்தில் குளத்தையும் கோயிலையும் வைத்தால் அது வைரவபுளியங்குளம். வித்தியானந்தாக் கல்லூரியையும் காட்டு விநாயகர் கோயிலையும் சந்தையையும் வைத்தால் அது எங்கள் முள்ளியவளை. அம்மா ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பெரியின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. நான் சொன்னபோதும் அவ்வளவாக அக்கறை காட்டவில்லை.

இறுதியில் வீடு அமைந்தது வைரவபுளியங்குளத்தில்தான். அதைப் பார்த்ததும் என் மனைவியின் முகம் வாடிற்று, மறைப்பானேன்? இரண்டே அறைகள். சமையலறையில் பகலிலும் விளக்கெரிய வேண்டும். சீற்றுக் கூரை மத்தியானத்தில் அனல் கக்கும். கிணறு பக்கத்து வீட்டாருடன் பங்குக் கிணறு. வாடகை பதினேழாயிரம், பழைய வீட்டைவிட ஐயாயிரம் அதிகம். பின்னேரமானால் ரியூசனுக்கு வரும் பிள்ளைகளின் சைக்கிள்களால் ஒழுங்கைகள் நிரம்பிவிடும். இரவில் புகையிரதம் ஊதும். இவ்வளவையும் நாங்கள் பேசிப் பார்த்தோம். மனைவி ஒரு கடதாசியில் கணக்குப் போட்டாள். பெற்றோல், மகளை ஏற்றி இறக்கும் நேரம், அம்மாவுக்காகப் பிடித்த முச்சக்கரவண்டிகள் என்று கூட்டிக் கழித்ததில் ஐயாயிரத்துக்குமேல் போயிற்று. கணக்கு அவளைச் சமாதானப்படுத்தியதா, அல்லது அந்நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா ஒரு கோப்பை பிளேன்ரீயோடு வந்து, "எந்த ஊர் பிள்ளையள் நீங்கள்?" என்று கேட்டதா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அம்மா தமது பரீட்சையை அதற்கு முன்பே முடித்திருந்தார். படலையிலிருந்து கடைக்கு நூற்றிருபது அடி எடுத்து வைத்தார். ஆதிவிநாயகர் கோயிலுக்கு இடையில் ஒரு தடவை மட்டும் நின்று மூச்சு வாங்கினார்; நின்ற இடத்தில் ஒரு வேப்பமரமும், இருக்க ஒரு கல்லும் இருந்தன. "இந்தக் கல்லு போதும்," என்றார்.

புதிய வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகியிருக்கும். மாரி பிடித்து, குளம் பாதிக்குமேல் நிரம்பியிருந்தது. ஒரு நாள் கந்தோரால் வந்து பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. கோயிலுக்குப் போனவர் என்றாள் மகள். ஆறு மணியாயிற்று, ஆறரையாயிற்று. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. மனைவி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். 2009 க்குப் பின் எங்கள் வீட்டில் யாராவது வரத் தாமதித்தால், அது வெறும் தாமதமாக எங்கள் மனத்தில் படுவதில்லை. குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கோயில் நடை சாத்தியிருந்தது. வேப்பமரத்தடியில் ஆளில்லை.

குளக்கட்டில் நான்கு பெண்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். நடுவில் அம்மா. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், மலையகத்திலிருந்து வந்து இங்கே நிலைத்துவிட்ட ஒருவர், பக்கத்து வீட்டு அம்மா. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் கதையை அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். கடல்நீரில் எப்படி எரியும் என்று யாழ்ப்பாணத்து அம்மா விடாமல் குறுக்குக் கேள்வி கேட்டார். வைகாசிக்கு எல்லோருமாகப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று மற்றவர் சமாதானம் சொன்னார். நான் பின்னால் வந்து நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை.

"அம்மா, இருட்டிப்போச்சு," என்றேன்.

அம்மா திரும்பிப் பார்த்தார். குடையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"நீ முன்னுக்குப் போ தம்பி. எனக்கு வழி தெரியும்."

வரும் வழியில் கடையில் ஒரு இறாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா வந்து சேர மேலும் அரைமணி நேரம் சென்றது.